பாஸ்டன்காரரும் நம்ம ஊர் நாயனமும்!

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பத்துப் பேரிடம் 'சாக்ஸபோன்' என்று சொல்லிப் பாருங்கள். ஆறு பேர், "டூயட் படத்துல பிரபு ஊதுவாரே, அதான?" என்பார்கள். மூன்று பேர், "கத்ரி கோபால்நாத்" என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள். மிச்சமிருக்கிற ஒருவர், "குத்தாலத்துல தண்ணி விழுதா, சார்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். ஜூன், ஜூலையாக இருந்தால் பத்துப் பேருமே அதைத்தான் கேட்பார்கள். அது வேறு விஷயம்!

சார்லி மரியானோ என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

தென்காசிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஜாஸ் இசையில் ஊறியவர்களிடம் கேட்டாலும் சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன், சோனி ராலின்ஸ் என்று பெரிய தலைகளை எல்லாம் சொல்லி முடித்து, காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் மரியானோ பெயர் ஞாபகத்துக்கு வரும்.

"அப்படிப்பட்ட ஆளோட பிளேட்டை எல்லாம் தென்காசியில உக்காந்துக்கிட்டு எதுக்குச் சேக்கிய?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் ஒரே வரி: அந்த அமெரிக்கர் நாயனம் வாசித்தவர்.

ஆமாம் சார், நாயனம்! சீவாளி, கெண்டை, அணசு எல்லாம் வைத்த, நம்ம ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகிற அதே நாகஸ்வரம்.

தோசைக்கல்லா, இசைத்தட்டா?

1996-ல் ஆபீஸ் டிரெய்னிங் என்று பத்து நாள் பெங்களூரில் இருந்தேன். பகலில் லெட்ஜர், சாயங்காலத்தில் பழைய புத்தகக் கடை. ஒரு கடையில் புத்தக அடுக்குக்குப் பின்னால் நாலைந்து இசைத்தட்டுகள் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மானிய பாஸ் வாத்தியக்காரரின் தட்டு. 1975-ல் பதிவானது. மியூனிக் நகரத்து ஈ.சி.எம். கம்பெனி வெளியீடு.

எனக்கு வெபரும் தெரியாது, மியூனிக்கும் தெரியாது. அட்டையைத் திருப்பினேன். வாசித்தவர்கள் பட்டியல். சார்லி மரியானோ என்ற பெயருக்கு எதிரே: சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். நாகஸ்வரமேதான்!

"எவ்வளவு?" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து விலை சொல்லுகிற ரகம். அறுபது ரூபாய் என்றார். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது தனிக்கதை. வளையாமல் இருக்க இரண்டு லெட்ஜர் அட்டைக்கு நடுவில் வைத்து, வேஷ்டியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டில் பிரித்ததும் அம்மா கேட்டாள்: "என்னடே இது, தோசைக்கல்லா?"

தட்டு வந்துவிட்டது, சுற்றுகிற மெஷின் இல்லை. அந்த நாளில் எல்லா ஊரிலும் ஒரு கேசட் ரெக்கார்டிங் சென்டர் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் தொண்ணூறு நிமிஷ கேசட்டில் அடைத்துத் தருவார்கள். எங்கள் ஊர்ச் சென்டர் அண்ணாச்சியிடம் ஒரு பழைய பிளேயர் இருந்தது. தட்டை வைத்து ஊசியை இறக்கினார். பாஸ், பியானோ, டிரம்ஸ். அண்ணாச்சி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இதுல பாட்டு எப்பம் வரும்?" என்றார். நான் பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் எழுந்தது. அண்ணாச்சி கையிலிருந்த கேசட் உறையைக் கீழே வைத்தார்.

"ஏ... இது நம்ம நாயனம்லா!"

அன்றைக்குத் தொடங்கியது எனக்குப் பைத்தியம்.

யார் இந்த மனுஷர்?

பெற்றோர் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். பையன் 1923 நவம்பர் 12-ல் பாஸ்டனில் பிறந்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ பேண்டில் ஊதினான். 1950-களில் ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் இடம் கிடைத்தது. ஆல்டோ சாக்ஸபோனில் சார்லி பார்க்கர் போட்ட பாதையில் போனவர்களில் நல்ல கை என்று பேர் வாங்கினார். தோஷிகோ அகியோஷி என்ற ஜப்பானியப் பியானோ கலைஞரை 1959-ல் மணந்தார். இருவர் பெயரிலும் ஒரு நால்வர் குழு நடந்தது.

1963 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸ், 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்ற தட்டைப் பதிவு செய்தார். மிங்கஸ் முரட்டு மேதை. மேடையிலேயே சக வாத்தியக்காரரைத் திட்டக் கூடியவர். அந்தத் தட்டை இன்றைக்கும் ஜாஸின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அதில் அழுகையும் கெஞ்சலுமாக ஓர் ஆல்டோ சாக்ஸபோன் மேலே மேலே ஏறிப் போகும். அது மரியானோ. தட்டைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், ஊதியவர் பெயரைத் தெரிந்தவர் நூறு பேர் தேறினால் அதிகம்.

அங்கேயே இருந்திருந்தால் ஒருவேளை பெரிய பெயராகியிருப்பார். மனுஷர் 1960-களின் பிற்பாதியில் கோலாலம்பூருக்குப் போனார். மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. மலேசியா என்றால் தமிழர், தமிழர் என்றால் கோயில், கோயில் என்றால் நாயனம். அவர் காதில் அது விழுந்தது.

நாற்பதைத் தாண்டிய வயது. பாஸ்டனில் இசைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவர் மறுபடியும் சிஷ்யனாகி, 'பீப்... பீப்...' என்று முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். அதோடும் விடவில்லை. 1970-களில் தென்னிந்தியாவுக்கே வந்து பயின்றார். நமக்கெல்லாம் நாற்பது வயதானால் புது கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளச் சொன்னாலே மேனேஜர் மேல் கோபம் வருகிறது!

பெயர் பரவாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவை விட்டு 1970-களில் ஐரோப்பாவில் குடியேறிவிட்டார். ஒரே பாணியில் நிற்கவில்லை. ஜாஸ், ராக், கர்நாடக சங்கீதம் என்று தாவிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் இன்னொருவர் குழுவில் வாசித்தார். கட்சி மாறினால் மந்திரி ஆகலாம். பாணி மாறினால் இருக்கிற பெயரும் போய்விடும். 2009 ஜூன் 16-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானபோது அவருக்கு 85 வயது.

இரண்டும் கூம்புதான்!

'சாக்ஸபோன்காரருக்கு நாயனத்தில் அப்படி என்ன கஷ்டம்? இரண்டும் ஊதுகிற குழல்தானே?' என்று கேட்கலாம். ஒரு வகையில் சொந்தக்காரர்கள்தான். இரண்டுமே வாய்ப்பக்கம் ஒடுங்கி, அடிப்பக்கம் விரிந்த கூம்புக் குழாய்கள். அதனால் இரண்டிலும் ஒரே விரல் வைப்பில் அடுத்த ஸ்தாயிக்குத் தாவ முடிகிறது.

சொந்தம் அதோடு சரி. சாக்ஸபோனை பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் கண்டுபிடித்து 1846-ல் பாரீஸில் காப்புரிமை வாங்கினார். பித்தளை உடம்பு, ஒற்றை நாக்கு, துளைகளை மூட மூடி போட்ட சாவிகள். சாவியை அமுக்கினால் துளை மூடும், விட்டால் திறக்கும். நடுவில் நிற்பதற்கு அதிகம் இடமில்லை.

நாயனத்தில் சாவியே கிடையாது. ஆச்சா மரம், ஏழு விரல் துளை, காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்த இரட்டை நாக்குச் சீவாளி. துளையைக் கால்வாசி மூடு, அரைவாசி மூடு, மிச்சத்தை உதட்டாலும் மூச்சாலும் பார்த்துக்கொள். கமகம் அங்கேதான் பிறக்கிறது. சுருதி பிசகினால் காப்பாற்ற ஒரு சாவியும் வராது.

கத்ரி கோபால்நாத்தின் கஷ்டம் இதற்கு நேர் எதிர். 1949-ல் பிறந்த அவர் நாகஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பின்னால் போனார். கர்நாடக சங்கீதத்துக்கு வளைந்து கொடுக்கும்படி அந்த வாத்தியத்தையே கொஞ்சம் மாற்றி அமைத்தார். 1994-ல் 'டூயட்' வந்தது. அவர் வாசித்தார், பிரபு உதட்டைக் குவித்தார், தமிழ்நாடே கிறங்கியது. 2019-ல் காலமானார்.

நாயன வீட்டிலிருந்து ஒருவர் சாக்ஸபோனுக்குப் போனார். சாக்ஸபோனிலிருந்து ஒருவர் நாயனத்துக்கு வந்தார். போனவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வந்தவரை நமக்குத் தெரியவே தெரியாது!

மரியானோ கேட்டால் மரியா கேரி!

சேர்க்க ஆரம்பித்தேன். தென்காசியில் இருந்துகொண்டு ஜாஸ் தட்டு சேர்ப்பது, குற்றாலத்தில் இருந்துகொண்டு ஒட்டகம் வளர்ப்பது மாதிரி. துபாயில் இருந்த மச்சினனுக்கு 1997-ல் கடிதம் எழுதினேன். 'சார்லி மரியானோ கேசட் எதுவானாலும் வாங்கி வா.' மாப்பிள்ளை லீவில் வந்தார். டைகர் பாம், செண்ட் பாட்டிலோடு ஒரு கேசட்டையும் பெருமையாக எடுத்து நீட்டினார். மரியா கேரி!

"பேரு கிட்டத்தட்ட வருதுல்லா அத்தான்... கடைக்காரன் இதுதான் நல்லா போவுதுன்னான்."

நல்லாத்தான் போனது. என் மனைவி இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஜெர்மனிக்குப் போன ஆபீஸ் நண்பர் மூலம், பம்பாய் நடைபாதைக் கடை மூலம், பின்னாளில் தபால் ஆர்டர் மூலம். புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் அலமாரியிலிருந்து ஒரு வரிசை சொல்கிறேன். இப்போது உங்களுக்கு மச்சினன் தயவு தேவையில்லை. போனில் பெயரைத் தட்டினாலே பல கிடைக்கும்.

முதலில் 1960 டிசம்பரில் பதிவான 'தோஷிகோ மரியானோ குவார்டெட்'. சட்டையை இன் பண்ணிய, ஒழுங்கான ஜாஸ். ஆள் எவ்வளவு சுத்தமாக ஊதுவார் என்று புரியும். அடுத்தது மிங்கஸ் தட்டு. அதே மனுஷர் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஊதுவார்.

மூன்றாவது, எம்ப்ரியோ என்ற ஜெர்மன் ராக் குழுவோடு 1973-ல் செய்த 'வீ கீப் ஆன்'. இதில் நாயனம் உண்டு. ராக் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாயனமா என்று மிரள வேண்டாம். தவிலுக்குப் பக்கத்தில் நின்று பழகிய வாத்தியம் அது. டிரம்ஸ் எம்மாத்திரம்! நாலாவது, 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. ஐந்தாவது, 1976-ல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்'. அதில் ஓர் உருப்படியின் பெயரே 'பார்வதியின் நடனம்' என்று அர்த்தம் தரும்.

கடைசியாக 'ஜோதி'. 1983-ல் பதிவானது. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து வாசித்தது. ஆர்.ஏ. ரமாமணியின் குரல், மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். இதில் மரியானோ நாயனத்தைத் தொடவில்லை. சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். ஆனால் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் குதிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். வாத்தியம் பித்தளையாக இருந்தாலும் உதடு நாயனத்தை மறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

"எங்கப்பா வாசிச்சது எங்க இருக்கு?"

இவ்வளவு சேர்த்த பிறகும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. மரியானோவின் நாயனம் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, அல்லது வெள்ளைக்காரர் வேஷ்டி கட்டினால் நாம் கைதட்டுகிற மாதிரியா? இதைச் சொல்ல நாயனக்காரர்தானே வேண்டும்?

எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தென்காசியிலிருந்து நெல்லைக்கு ரயிலில் போனால் வழியில் காருகுறிச்சி என்று ஒரு ஸ்டேஷன் வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போட்டதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. 1964-லேயே போய்விட்டார்.

குற்றாலத்தில் எனக்குத் தெரிந்த வித்வான் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கோயில், கல்யாணம் என்று வாழ்நாள் முழுக்க வாசித்தவர். 2017-ல் சீசன் முடிகிற நேரம், சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டு 'யெல்லோ ஃபீல்ட்ஸை' ஓட விட்டேன்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை விரல்கள் முழங்காலில் தானாக அசைந்தன. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே உரக்கக் கேட்டார்.

"யாரு தம்பி இது?"

"அமெரிக்காக்காரர், ஐயா. பேரு சார்லி மரியானோ. சாக்ஸபோன் வித்வான்."

"அப்படியா! சீவாளி பிடிக்கது தெரிஞ்சிருக்கு. ஆனா கமகம் நம்மள மாதிரி இல்ல. ராகம்னு ஒண்ணும் பிடிபடல."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் கவனித்துவிட்டார்.

"அதுக்காவ மோசம்னு சொல்லல. காத்து உள்ளேருந்து வருது. வேடிக்கைக்கு ஊதுதவன் இப்படி ஊத மாட்டான். பட்டிருக்காரு."

எத்தனை விமர்சனம் எழுதினாலும் இதற்கு ஈடாகாது. நான் சந்தோஷத்தில் மரியானோ புராணத்தையே ஒப்பித்தேன். எந்த வருஷம், எந்த ஊர் ஸ்டுடியோ, கூட வாசித்தவர் யார் யார் என்று ஒன்று விடாமல். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"இவரு வாசிச்சது இம்புட்டும் இருக்கு. எங்கப்பா அம்பது வருஷம் வாசிச்சாரு தம்பி. எங்க இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

"உங்க வாசிப்பு இருக்குமே, ஐயா? கல்யாண வீட்டுல எல்லாம் வீடியோ எடுக்காங்களே?"

பெரியவர் சிரித்தார். "எடுக்கான், எடுக்கான். லைட்ட மூஞ்சிக்கு நேரா அடிச்சி எடுக்கான். பொறவு கேசட்டப் போட்டுப் பாத்தா, நான் கன்னத்த உப்பிக்கிட்டு நிக்கேன். சத்தம் மட்டும் சினிமாப் பாட்டு!"

காணாமல் போன சத்தம்

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீடியோவில் தாலி கட்டும்போது கெட்டி மேளம் அரை நிமிஷம் கேட்கும். உடனே வெட்டிவிட்டு ஒரு டூயட் பாட்டு. மாப்பிள்ளை அழைப்பில் அந்த மனுஷர் தோடி ராகத்தை முக்கால் மணி நேரம் பிழிந்திருப்பார். திரையில் மாப்பிள்ளை காரில் வருவார், பின்னணியில் அந்த வருஷத்து ஹிட் பாட்டு ஓடும். வீடியோக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கள் கேட்டதும் அதுதான்.

மரியானோ வாசித்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் யாரோ ஒருவர் தேதி எழுதினார், பெயர் எழுதினார். அதனால்தான் இருபது வருஷம் கழித்துத் தென்காசி குமாஸ்தா ஒருவன் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. நம்ம ஊர் வித்வானுக்கு வேட்டி, துண்டு, தேங்காய், தட்டில் சம்பளம் எல்லாம் கொடுத்தோம். பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை. சத்தத்தையும் அழித்துவிட்டோம்.

பெரியவர் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. பாட்டு சேர்க்காத கேசட் எங்கேயாவது இருக்குமே?

விசாரித்தேன். பழைய வீடியோக்காரர் ஒருவர் விவரம் சொன்னார். கேமராவில் எடுத்த ஒரிஜினல் கேசட்டில் சத்தம் அப்படியேதான் இருக்கும். மிக்சிங் பண்ணும்போதுதான் பாட்டு ஏறும். ஆனால் ஒரிஜினல் கேசட்டை ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கேசட் விலை கட்டாது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதன் மேலேயே எடுத்துவிடுவார்கள். ஒரு கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம்!

"ஆனா ஒண்ணு சார். மிக்சிங் காசு குடுக்காம, எடுத்தது போதும்னு கேசட்டக் கையோட வாங்கிட்டுப் போன பார்ட்டிக உண்டு. அவங்க வீட்ல இருக்கும்."

ஆக, சிக்கனக்காரர்கள் வீட்டில்தான் சங்கீதம் தப்பித்திருக்கிறது. தேட ஆரம்பித்தேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம் என்று நாலு வருஷம். "உங்க வீட்டுக் கல்யாண கேசட் இருக்கா? மிக்சிங் பண்ணாததா?" என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் பெண் வீட்டார் அனுப்பிய ஆள் என்று நினைத்து விரட்டினார்கள். ஏதோ நகைத் தகராறாம்!

இருபத்து மூன்று கேசட் தேறியது. ஓடியது ஒன்பது. மற்றதெல்லாம் பூஞ்சை. எங்கள் பக்கத்துச் சாரல் உடம்புக்குத்தான் நல்லது, டேப்புக்கு எமன். ஒன்பதிலும் சேர்த்து நல்ல வாசிப்பு மூன்று மணி நேரம் கிடைத்தது. பின்னணியில் குழந்தை அழும். குக்கர் விசில் அடிக்கும். "பந்தி போட்டாச்சி, சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் ஆலாபனை நடுவில் வரும். ஜெர்மன் ஸ்டுடியோ மாதிரி இல்லைதான். ஆனாலும் நாயனம் அதையெல்லாம் மீறி மேலே போகும்.

அதில் ஒரு கேசட், 1993 கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் நாற்பது நிமிஷம் ஒரே ராகம். வாசித்தது குற்றாலத்துப் பெரியவர்!

கம்ப்யூட்டரில் ஏற்றி எடுத்துப்போய் அதே திண்ணையில் அதே ஹெட்போனை மாட்டினேன். பெரியவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து, "இந்த எடத்துல சீவாளிய மாத்திருக்கணும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தவிலு யாருன்னு தெரியுதா? எங்க மச்சான். போயி சேந்து பதினாறு வருஷம் ஆச்சி" என்றார். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றிக் கொடுக்க மனசு வரவில்லை அவருக்கு.

உள்ளே திரும்பி, "ஏய், பேரன வரச் சொல்லு" என்றார்.

அலமாரியைத் திறங்கள்!

இப்போது உங்களிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறீர்கள்?

அப்பா அம்மா கல்யாணமோ, அக்கா கல்யாணமோ, பழைய கேசட் ஏதாவது பீரோ மேல் கிடக்கும். எடுங்கள். வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். கேசட்டோடு பிளேயரும் போய்விடும். நல்லதாக இருந்தால் சீக்கிரம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். உலகத்தில் வி.சி.ஆர். தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதையும் நிறுத்திவிட்டது. கேசட் சாவதற்கு முன்னால் பிளேயர் செத்துக்கொண்டிருக்கிறது. மிச்ச கேசட்டுகளை நிமிர்த்தி வைத்து, புது ஷூ டப்பாவில் வருமே, அந்தச் சிலிகா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போட்டு மூடி வையுங்கள்.

அடுத்தது, உங்கள் கல்யாணம். தென்காசிப் பக்கம் இப்போது செண்டை மேளம்தான் ஃபேஷன். அது இருக்கட்டும். நாயனமும் வைத்தால், வீடியோக்காரரிடம் மிக்சிங்குக்கு முந்திய ஒரிஜினலையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். இப்போது கேசட் செலவுகூட இல்லை. பாட்டு போட்டதைப் பொண்டாட்டியோடு பாருங்கள். போடாததைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் முக்கியமானது. அழைப்பிதழில் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று நாற்பது பேர் போடுகிறோம். நாற்பத்தொன்றாவதாக 'நாயனம் இன்னார், தவில் இன்னார்' என்று ஒரு வரி போட்டால் பேப்பர் கிழிந்துவிடாது. கேசட்டின் மேலும் அதே வரியை எழுதி, வருஷத்தையும் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு பால்பாயிண்ட் பேனா.

1970-களில் ஜெர்மனியில் யாரோ ஒருவர் அட்டையின் பின்பக்கம் 'நாகஸ்வரம்' என்று ஒரு வார்த்தையை மறக்காமல் அச்சடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு பாஸ்டன்காரரைத் தென்காசிக்காரன் கண்டுபிடித்தேன். நீங்கள் எழுதிவைக்கிற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நம்ம குற்றாலத்துப் பெரியவரை நாளைக்கு பாஸ்டனில் ஒருத்தன் கண்டுபிடிப்பான். அவன் வீட்டிலும் கேட்பார்கள்: "இதையெல்லாம் எதுக்குச் சேக்கிற?" என்று!